ஊதிக் காட்டிய வயிற்றுவலி

எனக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வயிறு வலிக்காது. இந்த ஒன்றை வைத்துத்தான் எங்கள் வீட்டில் என் மீதான வழக்கு ஜோடிக்கப்பட்டது.

அப்போது நான் நான்காம் வகுப்பு. பள்ளிக்கூட நாட்களில் இரண்டாவது பீரியட் முடிவதற்குள் தொப்புளைச் சுற்றி யாரோ ஈரத்துணியை முறுக்கிப் பிழிவது போல வலி தொடங்கும். வயிறு உப்பிக்கொண்டு பாவாடையின் கொக்கி இறுகும். உள்ளே கடமுடா என்று சத்தம் வரும். அந்தச் சத்தம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளுக்கும் கேட்கும் என்பது வலியைவிடப் பெரிய கஷ்டம். வகுப்பு டீச்சர் முதலில் இரக்கப்பட்டார். பிறகு சலித்துக்கொண்டார். கடைசியில் அப்பாவுக்கு போன் செய்ய ஆரம்பித்தார். அப்பா பக்கத்துத் தெருவில் இருந்த ஆண்கள் பள்ளியில் கணக்கு வாத்தியார். பாதி வகுப்பில் எழுந்து வந்து மகளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போகிற வாத்தியாருக்கு மாணவர்களிடம் என்ன மரியாதை மிஞ்சும் என்பதை, மயிலாப்பூர் சந்துகளில் மாட்டையும் ஆட்டோவையும் தாண்டி வீடு வந்து சேரும்வரை எனக்கு விளக்கிக்கொண்டே வருவார்.

"அஞ்சு நாள் வலிக்குது. ஞாயித்துக்கிழமை மட்டும் வலிக்கல. இதுல இருந்து என்ன தெரியுது?" என்பார். வகுப்பில் கேட்பது போலவே கேட்பார். பதிலை எதிர்பார்க்கவும் மாட்டார்.

சனிக்கிழமையும் வலிக்கும் என்று நான் சொல்லிப் பார்த்தேன். ஆனால் பாயில் குப்புறப் படுத்துக்கொண்டு கதைப் புத்தகம் படிக்கிற பிள்ளைக்கு வலி இருப்பதாக யார் நம்புவார்கள்? சனிக்கிழமை வலி செல்லாத வலியாகப் போயிற்று.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். அப்பா, நான், அப்பாவின் அக்கா. அத்தை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவள். சாந்தோம் பக்கம் காய்கறிக்காரர் முதல் மீன்காரம்மா வரை எல்லோருக்கும் அவள் 'டீச்சர்'தான். அம்மா குவைத்தில் நர்ஸாக இருந்தாள். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வருவாள். போன தடவை வந்து போனபோது நான் இரண்டாம் வகுப்பு முடித்திருந்தேன். வாங்கி வந்த ஃபிராக் எல்லாம் எனக்குச் சின்னதாக இருந்தன. அதைப் பார்த்து அம்மா சிரித்துக்கொண்டே அழுதது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

குவைத்திலிருந்து யார் ஊருக்கு வந்தாலும் அவர்களிடம் அம்மா பால் பவுடர் டின் கொடுத்தனுப்புவாள். இங்கே கிடைக்கிற எந்தப் பவுடரும் அதற்கு ஈடில்லை என்பது அத்தையின் முடிவு. காலையில் பெரிய எவர்சில்வர் டம்ளர் நிறைய, கரண்டி நிற்கிற கெட்டியில் கலக்கிக் கொண்டுவந்து நிற்பாள்.

"உங்கம்மா அங்க கால் கடுக்க நின்னு அனுப்பறா. ஒரு சொட்டு மிச்சம் வைக்கக் கூடாது."

நான் வைத்ததே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் பால் கிடையாது. அதற்கு முந்தைய வருடம்தான் கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கி எனக்குப் புதுநன்மை ஆகியிருந்தது. நற்கருணை வாங்குகிற அன்று விழித்ததிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக்கூடாது என்பது அத்தையின் சட்டம். திருச்சபையே அந்த விரதத்தை ஒரு மணி நேரமாகக் குறைத்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது என்று பங்குச் சாமியார் ஒருமுறை எடுத்துச் சொன்னார். "அவங்க குறைச்சுக்கட்டும் சாமி" என்று அத்தை பெருந்தன்மையாக அனுமதி கொடுத்தாள். பூசை முடிந்து வந்தால் இட்லியும் ஆட்டுக்கறிக் குழம்பும் காத்திருக்கும். அந்த நேரத்தில் பாலை யார் நினைப்பார்கள்?

இதைப் படிக்கிற உங்களுக்கு விஷயம் இதற்குள் புரிந்திருக்கும். ஒரு கணக்கு வாத்தியாரும் ஓய்வு பெற்ற ஒரு டீச்சரும் இருந்த எங்கள் வீட்டில் புரியவில்லை. குவைத்தில் இருந்த நர்ஸுக்கோ வலி மட்டும்தான் போனில் போய்ச் சேர்ந்தது. டம்ளர் போய்ச் சேரவில்லை.

அப்பாவின் கட்சி, இது நடிப்பு. அத்தையின் கட்சி, இது ஏக்கம். "தாயைப் பார்க்காத பிள்ளைக்கு வயித்துலதான் பிடிச்சுக்கும்" என்று சொல்லி, வேளாங்கண்ணி எண்ணெயை என் தொப்புளில் தடவி ஜெபம் சொல்வாள். எண்ணெய் தடவும்போது சுகமாக இருக்கும். மறுநாள் இரண்டாவது பீரியடில் மறுபடியும் பிழிய ஆரம்பிக்கும்.

ஒரு நாள் மாலை அம்மாவின் போன் வந்தது. அப்பா ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார்.

"நடிப்பும் இல்ல, ஏக்கமும் இல்ல. நீங்களா ஒண்ணு சொல்லிக்காதீங்க. நல்ல வயித்து டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றாள் அம்மா. கொஞ்சம் நிறுத்தி, "ரிப்போர்ட்ல ஏதாவது இருந்துச்சுன்னா அதை வெச்சு நான் எமர்ஜென்சி லீவு கேக்கறேன். ஒண்ணும் இல்லாம கேட்டா இங்க விட மாட்டாங்க" என்றாள்.

நான் மேஜைக்குக் கீழே உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தேன். அந்த நிமிடத்திலிருந்து வயிற்றுவலியைப் பற்றிய என் அபிப்பிராயமே மாறிவிட்டது. அதுவரை எனக்கு அது ஓர் அவமானம். இப்போது அது அம்மாவை வரவழைக்கிற வலி. ரிப்போர்ட்டில் மட்டும் ஏறிவிட்டால் போதும்.

அடையாறில் ஒரு டாக்டரிடம் போனோம். ரத்தம் எடுத்தார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். எல்லாம் நார்மல் என்றார் டாக்டர். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் 'நான் சொல்லவில்லையா' என்பது முழுசாக இருந்தது. ஆனால் டாக்டர் விடவில்லை. சாப்பிடுகிற சர்க்கரைகளில் ஏதோ ஒன்று பிள்ளைக்குச் செரிக்கவில்லையோ என்று ஒரு சந்தேகம், ஒரு மூச்சுப் பரிசோதனை செய்து பார்த்துவிடலாம் என்றார்.

"வயித்துக்கு எதுக்கு டாக்டர் மூச்சு?" என்றார் அப்பா.

"வயித்துல நடக்கறது மூச்சுல தெரியும் சார். இதுல தெளிவா வரலைன்னா, வாய் வழியா குழாய் விட்டு, சிறுகுடல்ல இருந்து ஒரு அரிசி அளவு சதை எடுத்து லேப்ல செரிமான நொதி எவ்வளவு இருக்குன்னு நேரடியாவே பார்க்கணும். அதுக்குப் பிள்ளையை மயக்கம் குடுத்துப் படுக்க வைக்கணும். முதல்ல ஊதிப் பார்த்துடலாம்."

அப்பா கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். நடிக்கிற பிள்ளைக்குக் குழாய் விடுவார்களா என்ற சந்தேகம் அவருக்கு முதன்முதலாக அப்போதுதான் வந்திருக்க வேண்டும்.

பரிசோதனை சனிக்கிழமை காலை. அதற்கு முந்தைய நாள் என்ன சாப்பிட வேண்டும் என்று லேபில் இருந்த அக்கா அத்தைக்கு நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். வெறும் வெள்ளைச் சாதம். கூட மீனோ கோழியோ முட்டையோ, உப்பு மட்டும் போட்டு. பருப்பு, பயறு, காய், பழம், பால் எதுவும் ஆகாது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீர் மட்டும்.

அத்தை தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். ஆனால் முகம் கறுத்துவிட்டது. ஏனென்றால் அது தவக்காலம்.

சாம்பல் புதன் முதல் ஈஸ்டர் வரை எங்கள் சமையலறைக்குள் கறி, மீன், முட்டை எதுவும் வராது. வெள்ளிக்கிழமை கறியைத் தவிர்த்தால் போதும் என்றுதான் கோயில் சொல்கிறது. சின்னப் பிள்ளைகளுக்கு அதுவும் கிடையாது. அத்தை கோயிலைவிட நாலடி முன்னால் நடப்பவள். அதிலும் அந்த வருடத்து ஒருசந்தி நோன்பை அவள் ஒரு வேண்டுதலோடு தொடங்கியிருந்தாள். வேண்டுதல் என் வயிறுதான். என் வயிறு குணமாக வேண்டும் என்று நாற்பது நாள் மீன் வாடையே படக்கூடாது என்றிருந்த அந்த வீட்டில், என் வயிற்றைச் சோதிக்க வேண்டும் என்பதற்காக மீன் வாங்கச் சொன்னால் அவள் என்ன செய்வாள்?

லேபில் சொன்னதில் பாதி மட்டும் கேட்டு நடந்தாள். வெள்ளிக்கிழமை காலை வெறும் சோறும் உப்பும். மத்தியானமும் அதுவே. கைதியின் தட்டுப் போல இருந்ததைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. எனக்குப் பரிமாறிவிட்டு அத்தையும் முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சாயங்காலம் கோயிலில் சிலுவைப் பாதை ஜெபத்துக்குப் போனோம். முழங்காலில் நின்று எழுந்து, மறுபடியும் நின்று எழுந்து, முடிகிறபோது எனக்குக் கண்ணை இருட்டியது. வெளியே வந்தால் கோயில் மைதானத்தில் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். தவக்கால வெள்ளிக்கிழமைகளில் பங்கில் தெருவுக்கு ஒன்றாக இருக்கிற அன்பியக் குழுக்கள் முறை வைத்து ஊற்றும். அரிசியும் பாசிப்பயறும் பூண்டும் வெந்தயமும் தேங்காய்ப்பாலும் சேர்ந்து கொதித்த கஞ்சி. மைதானம் முழுக்க அந்த வாசனைதான்.

அத்தை என்னைப் பார்த்தாள். கஞ்சி அண்டாவைப் பார்த்தாள். பிறகு கோயில் கோபுரத்தையும் ஒரு தரம் பார்த்துக்கொண்டாள்.

"ஒருசந்திக் கஞ்சி எந்தப் பிள்ளையையும் கெடுத்ததில்ல. குடி" என்றாள்.

இரண்டு கப் குடித்தேன். அவ்வளவு ருசியான கஞ்சியை நான் அதற்குப் பிறகு குடித்ததில்லை.

மறுநாள் காலை லேபில் ஒரு சின்ன மிஷினைக் கொண்டுவந்து அதன் வாயில் அட்டைக் குழாயைச் செருகினாள் அந்த அக்கா. மூச்சை இழுத்துப் பிடித்து மெதுவாக ஊதச் சொன்னாள். மிஷினில் எண் எவ்வளவு பெரிதாக வருகிறதோ அவ்வளவு பெரிய வியாதி என்பது நானே கண்டுபிடித்த கணக்கு. பிறந்தநாள் கேக்கில் எல்லா மெழுகுவர்த்தியையும் ஒரே மூச்சில் அணைக்கப் போகிறவள் மாதிரி ஊதினேன்.

"மெதுவா, மெதுவா. எவ்ளோ வேகமா ஊதினாலும் உள்ள இருக்கறதைத்தான்மா அது சொல்லும்" என்று சிரித்தாள். பிறகு மிஷினைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. மறுபடியும் ஊதச் சொன்னாள். மறுபடியும் அதே பெரிய எண்.

என் மனசுக்குள் குவைத் விமானம் கிளம்பிவிட்டது.

"நேத்து ராத்திரி பாப்பா என்ன சாப்பிட்டா ஆன்ட்டி?"

"கஞ்சி."

"வெறும் அரிசிக் கஞ்சியா?"

அத்தை பொய் சொல்ல மாட்டாள். "பயறு போட்டிருந்தாங்க" என்றாள் மெல்லிய குரலில்.

"ஐயோ, அதான் வேணாம்னு அவ்ளோ சொன்னேனே!"

"அது ஒருசந்திக் கஞ்சிம்மா. கோயில்ல குடுத்தது."

"கோயில்ல குடுத்தாலும் வயித்துக்குள்ள போனா காத்தாத்தான் ஆவும் ஆன்ட்டி."

சர்க்கரைத் தண்ணீரைக் குடிக்கக் கொடுத்து எண் ஏறுகிறதா என்று பார்ப்பதுதான் பரிசோதனையாம். அதைக் குடிப்பதற்கு முன்னாலேயே எண் இப்படி ஏறி நின்றால் பரிசோதனையே செய்ய முடியாதாம். பரீட்சை எழுதுவதற்கு முன்னாலேயே எனக்கு நூற்றுக்கு நூறு விழுந்துவிட்டது. ஆகவே அது செல்லாது. அடுத்த சனிக்கிழமை வரச் சொன்னார்கள். டாக்டர் அத்தையை உட்கார வைத்து, அடுத்த முறையும் இப்படி ஆனால் குழாய்தான், வேறு வழியில்லை என்று சொன்னார். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அத்தைக்கு அது கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அன்று போனில் அம்மா கேட்டபோது, மிஷின் ரிப்பேர், அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார்கள் என்று அப்பா சொன்னார். தன் அக்காவைக் காட்டிக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. அத்தை அடுக்களையில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பொய் சொன்னதற்காக அப்பாவை அவள் கண்டிக்காத ஒரே தருணம் அதுதான்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை என்னைப் பள்ளிக்கு அனுப்பாமல் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பினாள் அத்தை. நொச்சிக்குப்பத்துக்குப் போனோம். ரோட்டோரத்தில் வரிசையாகப் பலகை போட்டு மீன் வைத்திருந்தார்கள். அத்தைக்கு வழக்கமாகக் கொடுக்கும் மீன்காரம்மா எங்களைத் தூரத்தில் பார்த்ததும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டாள்.

"இன்னா டீச்சர், நோம்பு முடிஞ்சிடுச்சா? இன்னும் குருத்தோலை ஞாயிறே வர்லியே!"

அவள் எங்களைப் போல வேதக்காரி இல்லை. ஆனால் எங்கள் பங்கின் நோன்பு நாட்கள் எங்களைவிட அவளுக்குத்தான் சுத்தமாகத் தெரியும். நாங்கள் நோன்பு பிடித்தால் அவளுக்கு வியாபாரம் படுத்துவிடும்.

"கொஞ்சம் மெதுவாப் பேசும்மா. பிள்ளைக்கு" என்றாள் அத்தை.

"கொய்ந்தைக்கு இன்னா?"

"வயிறு சரியில்ல."

மீன்காரம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். வஞ்சிரத்தின் மேல் இருந்த அத்தையின் கையை நகர்த்திவிட்டாள். "வயித்துக்குன்னா கெயங்கா எத்துக்கினு போ டீச்சர். பச்சப்புள்ளைக்கும் ஒண்ணும் பண்ணாது. உப்பு போட்டு அவிச்சுக் குடு." கிழங்கான் மீனைக் கழுவி நறுக்கிப் பையில் போட்டாள். அத்தை அந்தப் பையை இன்னொரு பைக்குள் வைத்தாள். அதைக் கொண்டுபோய்க் குடைக்குள் மறைத்துப் பிடித்துக்கொண்டாள்.

மறைத்து என்ன பயன்? கச்சேரி ரோடு திரும்பியதும் மரியாயின் சேனை என்கிற ஜெபக் குழுவில் அத்தையோடு இருக்கிற ஓர் அம்மா எதிரே வந்தார். வாரா வாரம் இவர்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் வீடு வீடாகப் போய் ஜெபமாலை சொல்வார்கள். தவக்காலத்தில் யார் வீட்டில் கருவாடு வறுத்தார்கள் என்பதும் அந்தச் சமயங்களில் தெரியவரும். அந்த அம்மா பேசிக்கொண்டே மூக்கை உறிஞ்சினார். குடையைப் பார்த்தார்.

"டீச்சர்... வெள்ளிக்கிழமையும் அதுவுமா?"

பிள்ளைக்கு டாக்டர் சொன்னார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அத்தை சொல்லவில்லை. "ஆமா" என்றாள். என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

அன்று மூன்று வேளையும் எனக்குச் சோறும் உப்பு போட்டு அவித்த கிழங்கானும். அத்தை முள் பார்த்து உதிர்த்துக் கொடுத்தாள். அவள் தட்டில் வெறும் சோறும் உப்பும்தான் இருந்தன. என்னைச் சாப்பிட வைத்துவிட்டு, அதே மீன் வாடையில் உட்கார்ந்து அவள் அதைச் சாப்பிட்டாள். சாயங்காலம் சிலுவைப் பாதையில் வழக்கம் போல மைக்கில் சிந்தனைகளை வாசிக்க அவளைக் கூப்பிடவில்லை. வேறு ஒருவர் வாசித்தார். அத்தை எப்போதும் நிற்கிற இடத்திலேயே முழங்காலில் நின்றாள். முடிந்ததும் கஞ்சி அண்டா இருந்த பக்கம் திரும்பாமல் என்னை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

சனிக்கிழமை காலை நான் ஊதியபோது மிஷினில் வந்த எண் ரொம்பச் சின்னது. லேப் அக்கா, "சூப்பர்!" என்றாள். அத்தை சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள். எனக்கு மட்டும் வயிற்றில் இடி விழுந்தது. வியாதி போய்விட்டதோ?

பிறகு ஒரு டம்ளரில் ஏதோ கரைத்துக் கொடுத்தார்கள். சர்க்கரை போட மறந்துவிட்டு, பாதியில் ஞாபகம் வந்து ஒரு சிட்டிகை போட்டது மாதிரி ஓர் இனிப்பு. இனி அரை மணிக்கு ஒரு தரம் ஊத வேண்டும், ஓடக்கூடாது, தூங்கக்கூடாது. அத்தை ஜெபமாலையை எடுத்துக்கொண்டாள். அப்பா நின்றபடியே செய்தித்தாளைப் படித்தார். முதல் தடவை ஊதினேன். எண் அசையவில்லை. இரண்டாவது தடவையும் பெரிதாக ஒன்றும் இல்லை. அப்பா என் பக்கம் திரும்பி ஏதோ சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டார். நான் மனசுக்குள் மாதாவிடம் பேசினேன். ஒரே ஒரு தடவை மட்டும் வலிக்கட்டும், அதற்கப்புறம் எதுவும் கேட்கமாட்டேன் என்றேன்.

மாதா கேட்டாள். அடுத்த முறை ஊதுவதற்குக் கொஞ்சம் முன்னால் உள்ளே கடமுடா என்று தொடங்கியது. ஈரத்துணி முறுக்கிக்கொண்டது. அந்த வலியை வரவேற்றது போல நான் யாரையும் வரவேற்றதில்லை. "வலிக்குது! வலிக்குது!" என்று சிரித்துக்கொண்டே கத்தினேன். எண் ஏறியது. அதற்கடுத்த முறை இன்னும் ஏறியது. முகம் வெளிறி, கால்களை மடக்கி நாற்காலியில் சுருண்டு கிடந்தேன். ஒவ்வொரு எண்ணையும் சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். லேப் அக்காவுக்கு என்னைப் பார்த்தால் பயமாக இருந்திருக்கும்.

டாக்டர் தாளைப் பார்த்ததும் எங்களை உட்காரச் சொன்னார்.

"பால்ல ஒரு சர்க்கரை இருக்கு. அதை உடைக்கறதுக்குச் சிறுகுடல்ல ஒரு நொதி வேணும். இவளுக்கு அது போதுமான அளவுக்கு இல்ல. அதனால பால் சர்க்கரை உடையாமலே பெருங்குடலுக்குப் போயிடுது. அங்க இருக்கற கிருமிங்க அதைப் புளிக்க வெச்சு வாயு உண்டாக்குது. வலி, உப்புசம், சத்தம் எல்லாம் அதுனாலதான். அந்த வாயுதான் மூச்சுலயும் வந்திருக்கு. காலைல பால் குடிச்சா ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல வலிக்கும். பாலை நிறுத்திடுங்க. வேற பயப்பட ஒண்ணுமில்ல."

அப்பா தாளைக் கையில் வாங்கிக்கொண்டார்.

"ஞாயித்துக்கிழமை இவ பால் குடிக்கறதில்ல டாக்டர்" என்றார். அவர் குரல் அவ்வளவு இறங்கி நான் கேட்டதே இல்லை.

அத்தை டம்ளரைத் தினமும் நீட்டிய கையை மடியில் வைத்து இன்னொரு கையால் மூடிக்கொண்டாள்.

வெளியே வந்து ஸ்கூட்டரை எடுக்கும்போது அப்பா குனிந்து, "இப்போ வலிக்குதா பாப்பா?" என்று கேட்டார். அப்படி அவர் என்னைக் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு அது பெரிதாகப் படவில்லை. என் கவனமெல்லாம் அவர் சட்டைப் பையில் இருந்த தாளின் மேல் இருந்தது. ரிப்போர்ட்டில் ஏறிவிட்டது. எண்களோடு, கையெழுத்தோடு, முத்திரையோடு ஏறிவிட்டது. திரு.வி.க. பாலத்தின் மேல் காற்று அடிக்க அடிக்க, விமான நிலையத்துக்கு எந்த ஃபிராக்கைப் போட்டுக்கொள்வது என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

சாயங்காலம் அம்மாவின் போன் வந்தது. மூன்று பேரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம்.

அப்பா எல்லாவற்றையும் சொன்னார். பால் என்று சொன்னதும் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று அப்பா ஹலோ சொன்னார்.

"இருக்கேன்" என்றாள் அம்மா. "நம்பர் எல்லாம் ஒவ்வொண்ணா படிங்க."

அப்பா படித்தார்.

"அவ்வளவுதானா? வேற ஒண்ணும் எழுதலையா?"

"இல்ல."

"ரத்தத்துல ஏதாவது? ஸ்கேன்ல?"

"அதெல்லாம் அப்பவே நார்மல்னு சொல்லிட்டேனே."

"தாளுக்குப் பின்னால பாருங்க. கீழே ஏதாவது எழுதியிருப்பாங்க. மறுபடி வரச் சொல்லி, அட்மிட் பண்ணச் சொல்லி, ஏதாவது..."

அப்பா தாளைத் திருப்பிப் பார்த்தார். "ஒண்ணுமே இல்லம்மா. பாலை நிறுத்தினா போதுமாம். நீ கவலைப்படாத. இதுக்காக நீ அங்கேருந்து அலைய வேணாம்."

"வேற ஒண்ணும் எழுதலையா?" என்று அம்மா மறுபடியும் கேட்டாள்.

நான் போனைப் பிடுங்கினேன். "அப்போ நீ வரமாட்டியா?"

"உனக்குத்தான் ஒண்ணுமே இல்லையே கண்ணு" என்றாள் அம்மா. "மாதா காப்பாத்திட்டாங்க. எவ்வளவு சந்தோஷமான விஷயம்!" அவள் மூக்கை உறிஞ்சினாள். சந்தோஷத்தில் உறிஞ்சுகிறாள் என்றுதான் நான் நினைத்தேன். வரவேண்டிய வேலை மிச்சமாகிவிட்ட சந்தோஷம். போனை மேஜை மேல் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போனேன். அத்தை பின்னால் வந்து கூப்பிட்டாள். நான் திரும்பவில்லை.

அம்மா எந்த வார்டில் வேலை பார்த்தாள் என்று எனக்கு அப்போது தெரியாது. வயிற்று நோயாளிகளின் வார்டு. அங்கே வாரம் தவறாமல் யாரையாவது இதே மாதிரி ஊத வைத்து எண்களைக் குறித்துக்கொள்வார்களாம். பல வருடம் கழித்து, வேலையை விட்டு ஊரோடு வந்த பிறகு, ஏதோ பேச்சில் அவளே சொன்னாள். அந்தத் தாளில் எண்களைத் தவிர வேறு எதுவும் இருக்காது என்று எங்கள் மூன்று பேரையும்விட அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் தாளைத் திருப்பிப் பார்க்கச் சொல்லியிருக்கிறாள்.

அன்று அதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? என் வயிற்றில் இன்னும் கொஞ்சம் பெரிதாக ஏதாவது இருந்திருக்கக் கூடாதா என்று ஏங்கியது அந்தக் குடும்பத்தில் நான் ஒருத்தி மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டு, அம்மாவோடு பேசாமலே தூங்கிப்போனேன்.